அண்ணன் கோட்டையைத் தொடமாட்டோம் என்றார்கள்

அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று எனக்கு வந்த முதல் பயம், அவனுடைய கோட்டையை யாராவது எரித்துவிடுவார்களோ என்பதுதான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஹாலில் அம்மா அழுதுகொண்டிருக்கிறார், சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹேண்ட்போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டை இருந்தது. என் கோட்டைக்கு இடது பக்கம், ஒட்டி.

இது ஒரு போர் விளையாட்டு. உலகம் முழுக்க ஆட்கள் ஆடுகிறார்கள். ஆளுக்கொரு கோட்டை, கொஞ்சம் படை. பக்கத்தில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு கூட்டணி. எங்கள் கூட்டணியில் இருபது பேருக்கு மேல் இருந்தோம். எல்லாரும் இங்கே மலேசியாவில் உள்ள தமிழ்ப் பையன்கள், திகாம் பத்து, சுங்கை பட்டாணி, செர்டாங் பக்கம். பெண் நான் ஒருத்திதான். அண்ணன்தான் என்னைச் சேர்த்துவிட்டான். சேர்ந்த அன்றே அவன் கோட்டையை வேறு மூலையிலிருந்து கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான். நான் பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவள், கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவள், எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. நான் வேலையில் இருக்கும்போது யாராவது என் கோட்டையை அடிக்க வந்தால் அவன் பார்த்துக்கொள்வான். நாலு வருடம் அப்படித்தான் போனது.

பிறகு ஒரு மழை நாளில் குருண் பக்கத்திலிருந்து வேலை முடிந்து வரும்போது அவன் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. ஹேண்ட்போனும் நொறுங்கிப்போனது. அவன் பாஸ்வேர்ட் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகவே அந்தக் கோட்டைக்குள் இனி யாரும் நுழைய முடியாது. அதற்கு ஷீல்டு போட முடியாது, மதிலைச் சரிசெய்ய முடியாது. ஷீல்டு என்பது தாக்க முடியாதபடி மூடும் மந்திரக் குடை மாதிரி, மூன்று நாள் இருக்கும். ஷீல்டு இல்லாத கோட்டையை அடித்தால் எரியும். எரிந்தால் மதில் குறையும். மதில் முழுதாகப் போய்விட்டால் விளையாட்டே அந்தக் கோட்டையைப் பிடுங்கி வரைபடத்தில் எங்காவது தூக்கி எறிந்துவிடும். உடையவன்தான் திரும்ப நகர்த்த முடியும். உடையவன் இல்லை. எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அது என் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மறுநாள் பையன்கள் திகாம் பத்துவில் மாமாக் தேத்தண்ணிக் கடையில் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தார்கள். எங்கள் தலைவர் செர்டாங் அண்ணன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர், என் அண்ணனின் உயிர் நண்பர். சாவு வீட்டில் பதினாறு நாள் பாட்டுக் கூடாது, கொண்டாட்டம் கூடாது, எங்கள் வீட்டில் டிவியையே துணி போட்டு மூடியிருந்தார்கள். அப்படியிருக்க விளையாட்டு மட்டும் எப்படி ஆடுவது என்று அவர் கேட்டாராம். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. ஷீல்டு போடக்கூட உள்ளே போகக் கூடாது, அதுவும் விளையாடின கணக்குதான் என்று சொல்லிவிட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அதோடு விட்டாரா? உலகத்தில் ஆடுகிற எல்லாரும் படிக்கிற பொதுப் பலகையில் கூகள் மொழிபெயர்ப்பை வைத்து ஆங்கிலத்தில் எழுதிப் போட்டார். எங்கள் சகோதரன் இறந்துவிட்டான், பதினாறு நாள் நாங்கள் சண்டை போட மாட்டோம், தயவுசெய்து எங்களை, முக்கியமாக அவன் கோட்டையை, தொடாதீர்கள். வீட்டைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போன மாதிரி. அப்போது எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. இங்கே சாவு வீட்டு வாசலில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஜென்ம விரோதிகூட வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டுப் போவான். உலகமும் அப்படித்தான் என்று நினைத்தோம்.

பதில்கள் வந்தன. எங்களைச் சுற்றி மூன்று பெரிய கூட்டணிகள். வடக்கே இருப்பவர்கள் அழகாக எழுதினார்கள்: உங்கள் துக்கத்தை மதிக்கிறோம், அந்தக் கோட்டையை ஒருநாளும் தொடமாட்டோம். கிழக்கே இருப்பவர்கள்தான் எல்லாரையும்விடப் பெரியவர்கள். அவர்கள், உங்கள் சகோதரனின் கோட்டை பத்திரமாக இருப்பது எங்களுக்கும் முக்கியம் என்றார்கள். தெற்கே இருப்பவர்கள் மட்டும் வறட்சியாக ஒரு வரி: யாராவது தொட்டால் உடனே சொல்லுங்கள், கூடிப் பேசுவோம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணன் போய் மூன்றாம் நாள், நான் சந்தோஷப்பட்டேன். யார் யாரோ, எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள், அவனுக்காக எழுதியிருக்கிறார்கள். பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டுக்கு முன் வரிசையில் உள்ள போட்டோஸ்டேட் கடைக்கு ஓடிப்போய் மூன்றையும் அச்சடித்துக்கொண்டு வந்து அண்ணன் படத்துக்குக் கீழே வைத்தேன். அம்மா அது என்ன காகிதம் என்று கேட்டார். சர்டிபிகேட் என்றேன்.

பையன்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். நான்தான் தினமும் திருட்டுத்தனமாக உள்ளே போய்ப் பார்த்தேன். ஆறாம் நாள் அங்கே ஒரு செய்தி வந்திருந்தது. அனுப்பியவர் தெற்குக் கூட்டணியில் சாதாரண உறுப்பினர், உக்ரேனில் ஒரு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அக்கா. அவர் தன் மொழியில் எழுதுவார், மொழிபெயர்ப்பில் எனக்குத் தமிழில் கோணல்மாணலாக வந்து விழும். வருத்தம் தெரிவித்தார். நான் பெருமையாக மூன்று வாக்குறுதியையும் காட்டினேன். படித்துவிட்டு, தொடமாட்டோம் என்கிறார்கள், தொட்டுவிட்டால் என்ன செய்வார்கள் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

திரும்பப் படித்தேன். எங்கேயும் இல்லை.

பிறகு அவர் தன் நாட்டுக் கதையைச் சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்கள் நாட்டில் பெரிய பெரிய அணுகுண்டுகள் இருந்தனவாம். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்குப் பெரிய நாடுகள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டன, உங்கள் எல்லையை மதிப்போம், உங்கள் மேல் படை எடுக்கமாட்டோம் என்று. கையெழுத்துப் போட்டவர்களில் ஒரு நாடுதான் பிறகு படையோடு வந்தது. மற்றவர்கள்? அவர்கள் சண்டைக்கு வரவில்லை, வருவதாகக் காகிதத்திலும் இல்லை. ஆனால் ஆயுதம் அனுப்பினார்கள், மருந்து அனுப்பினார்கள். அந்தக் காகிதம் இல்லாமலிருந்தாலும் அனுப்பியிருப்பார்களா என்று தனக்குத் தெரியவில்லை, அது வெறும் குப்பை என்றும் தன்னால் சொல்ல முடியவில்லை என்றார். அப்புறம், சைரன் ஊதுகிறது, வருகிறேன் என்று போய்விட்டார். அடுத்த இரண்டு மணி நேரம் நான் எந்த வேலையும் செய்யவில்லை.

திரும்பி வந்தவர் கேட்ட கேள்விதான் என்னைக் கவிழ்த்துப் போட்டது. உன் நாட்டுக்கும் அப்படி ஒன்று இருக்கிறதே, தெரியாதா?

எனக்கு என்ன தெரியும். செஜாரா என்கிற சரித்திரப் பாடத்தில் தூங்கியவள் நான். தேடிப் பார்த்தேன். இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஐந்து நாடுகள். எங்கள் நாட்டையோ சிங்கப்பூரையோ யாராவது தாக்கினால் மற்றவர்கள் உடனே கூடிப் பேசுவார்கள். பேசுவார்கள், அவ்வளவுதான். வந்து சண்டை போட்டே ஆகவேண்டும் என்று இல்லை. படித்தபோது எனக்குக் கோபம்கூட வந்தது. இதற்கு ஐந்து நாடா? தெற்குக் கூட்டணிக்காரன் எழுதினதுதானே இது?

அடுத்த நாள் மத்தியானம் மாடியில் துணி காயப்போடும்போது பட்டர்வொர்த் பக்கமிருந்து போர் விமானம் இரண்டு கூரைக்கு மேல் கிழித்துக்கொண்டு போனது. சின்ன வயதிலிருந்து கேட்கிற சத்தம்தான். எல்லாமே நம்முடையது என்று நினைத்திருந்தேன். அங்கே உள்ள விமானத் தளத்துக்கு ஆஸ்திரேலியாக்காரர்களும் வருகிறார்கள், சேர்ந்து பறந்து பழகுகிறார்கள் என்று முந்தின நாள்தான் படித்திருந்தேன். ஈரத் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். காகிதத்தில் பேசுவோம் என்றுதான் இருக்கிறது. ஆனால் ஆள் வந்து நிற்கிறானே. இங்கே ஒரு குண்டு விழுந்தால் அவன் ஆளும் சாவான். அப்புறம் அவன் வீட்டில் சும்மா பேசிக்கொண்டு இருப்பார்களா? யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வேன்? இப்படி ஏதாவது தோன்றினால் அண்ணனிடம்தான் சொல்வேன்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காரியத்துக்கு நாற்காலி, கொட்டகை பற்றிப் பேச செர்டாங் அண்ணன் வந்திருந்தார். கூட திகாம் பத்துவில் டயர் கடையில் வேலை செய்யும் ஒல்லிப் பையன், எங்கள் கூட்டணிதான். இருவரும் கார் நிறுத்தும் இடத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டே ஹேண்ட்போனை எட்டிப் பார்த்தேன். இடது பக்கத்தில் நெருப்பு.

வெளியே ஓடினேன்.

"அண்ணே, கோட்டை எரியுது."

"எந்தக் கோட்டை?" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "நீ உள்ள போனியா? பதினாறு நாளு யாரும் தொறக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"அவனுங்க தொறந்துட்டானுங்கண்ணே," என்றான் டயர் கடைப் பையன். "நாமதான் பூட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கோம்."

அடித்தது வடக்குக் கூட்டணி. ஒருநாளும் தொடமாட்டோம் என்று அழகாக எழுதினார்களே, அவர்களேதான். மதிலில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். இன்னொரு முறை அடித்தால் கோட்டை பிடுங்கிக்கொண்டு போய்விடும். நான் அவர்கள் தலைவனுக்கு எழுதினேன். புது உறுப்பினர் ஒருவர் தெரியாமல் செய்துவிட்டார் என்று பதில் வந்தது. இனி செய்ய மாட்டீர்கள்தானே என்று கேட்டேன். நாங்கள் மரியாதைக்காகச் சொன்னதுதான், ஒப்பந்தம் எதுவும் இல்லையே என்று வந்தது. கிழக்குக் கூட்டணிக்கு எழுதினேன். ரொம்பப் பெரியவர்கள், நினைத்தால் வடக்கை ஒரே நாளில் துடைத்துவிடலாம். அழுகிற முகம் பத்துப் போட்டு, கூடவே எங்களுக்கு நிவாரணமாக, விளையாட்டில் கோட்டை கட்ட உதவும் மரக்கட்டையைக் கட்டுக் கட்டாக அனுப்பினார்கள்.

டயர் கடைப் பையன் எட்டிப் பார்த்தான். "வெறகு அனுப்பியிருக்கானுங்க. எரியுற வீட்டுக்கு."

செர்டாங் அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்ன பதினாறு நாள்தான் கதவைத் திறந்துவிட்டது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது போல. முகம் கறுத்துப்போயிருந்தது. எல்லாப் பையன்களையும் கூப்பிட்டு அடிக்கப் போகலாம் என்றான் டயர் கடைப் பையன். அவர் மாட்டேன் என்றார். ஊருக்கே சொல்லிவிட்டு நாமே உடைத்தால் நமக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம் என்றார். போனாலும் இருபது பேர் அவர்களிடம் அரை மணி நேரம் தாங்க மாட்டார்கள் என்பதும் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான் நான் சொன்னேன். எப்படி வார்த்தை வந்ததோ, மூச்சு விடாமல் சொன்னேன்.

"நாம சண்டை போட வேணாம்ணே. யாரையும் சண்டை போடவும் சொல்ல வேணாம். அண்ணன் கோட்டையில ஆளுக்கு ஒரு சிப்பாய் நிறுத்தச் சொல்லுவோம். ஒன்னே ஒன்னு போதும்."

இந்த விளையாட்டில் யார் கோட்டைக்குள்ளும் யாரும் காவலுக்கு ஆள் அனுப்பலாம், உடையவன் தடுத்திருந்தால்தான் முடியாது. என் அண்ணன் யாரையும் தடுத்ததில்லை.

"ஒரு ஆளு நின்னு என்னா லா செய்வான்? ஒரே மிதி," என்றார் செர்டாங் அண்ணன்.

"மிதிக்கட்டும். செத்தது யாரு ஆளு? நம்ம ஆளா?"

அவர் தேத்தண்ணி கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "எழுது," என்றார்.

எழுதினேன். பொதுப் பலகையில், மூன்று கூட்டணியும் முன்பு எழுதியதைப் படம் பிடித்துப் போட்டு, கீழே எரிகிற கோட்டைப் படத்தையும் போட்டு, யாரும் எங்களுக்காகச் சண்டை போட வேண்டாம், ஆளுக்கு ஒரு சிப்பாய் மட்டும் கடன் கொடுங்கள் என்று கேட்டேன். ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் வரைபடத்தில் தெற்கிலிருந்து ஒரு சின்னப் பச்சைக் கோடு, ஒரு சிப்பாய் நடந்து வருவதன் அடையாளம், எங்கள் பக்கம் நகர ஆரம்பித்தது. உக்ரேன் அக்கா. கூடவே ஒரு வரி: கையெழுத்துப் போட நான் யாருமில்லை, ஆள் அனுப்ப முடியும்.

தெற்குக் கூட்டணித் தலைவர் நிஜமாகவே கூட்டம் போட்டிருக்கிறார். அவர்கள் எழுதினது கூடிப் பேசுவோம் என்பதுதானே, அதைச் செய்தார்கள். பேசி முடித்து ஆளுக்கு ஒன்று அனுப்பச் சொன்னார். பச்சைக் கோடுகள் மழை மாதிரி வந்தன. கிழக்கிலும் தலைவர்கள் வாய் திறக்கவில்லை, ஆனால் சாதாரண ஆட்கள் அசைந்தார்கள். அந்தக் கோட்டை முக்கியம் என்று உங்கள் தலைவர் சொன்னாரே என்று யாரோ அவர்களையே கிண்டல் செய்திருந்தார்கள். ஒருவர், இருவர், ஏழு பேர். எனக்குப் பெயரே தெரியாத நாட்டுக் கொடியெல்லாம் அண்ணன் கோட்டைப் பட்டியலில் ஏறியது. டயர் கடைப் பையன் ஒவ்வொரு கொடியும் எந்த நாடு என்று தேடித் தேடிக் கத்திக்கொண்டிருந்தான். பாதி தப்பு.

சிப்பாய்கள் முப்பத்தொன்று ஆனபோது வடக்கிலிருந்து சிவப்புக் கோடு கிளம்பியது. பெரிய படை. வந்து சேர நாலு நிமிடம்.

நாங்கள் மூன்று பேரும் ஒரு ஹேண்ட்போனுக்கு மேல் குனிந்துகொண்டிருந்தோம். மூன்று நிமிடம். வடக்கிலிருந்து ஒரு பருந்து பறந்து வந்து கோட்டையைச் சுற்றியது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வேவு பார்க்க அனுப்புவது அது. அவர்களுக்கு இப்போது பட்டியல் தெரிந்திருக்கும். முப்பத்தொரு சிப்பாயைக் கொல்வது அவர்களுக்கு ஒரு தும்மல். ஆனால் முப்பத்தொரு பேரிடம் போய்ப் பதில் சொல்ல வேண்டும். ஒன்றரை நிமிடம். கோடு வந்துகொண்டேதான் இருந்தது. எனக்குக் கண் மங்கிவிட்டது, பார்க்க முடியவில்லை.

"திரும்புறான்," என்றார் செர்டாங் அண்ணன்.

சிவப்புக் கோடு வளைந்து வந்த வழியே போனது. நான் என்ன சத்தம் போட்டேனோ தெரியாது, அம்மா கரண்டியோடு வெளியே ஓடிவந்தார். செர்டாங் அண்ணன் சட்டையை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹேண்ட்போனில் வடக்குத் தலைவன் பொதுப் பலகையில் எழுதியிருந்தான், நாங்கள் எப்போதும் சொன்ன சொல் காப்பவர்கள் என்று. டயர் கடைப் பையன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். பத்து நாளில் எங்கள் வீட்டு வாசலில் கேட்ட முதல் சிரிப்பு. அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு விளையாட்டு தெரியாது. கோட்டைப் படத்தைக் கையில் வாங்கி, கரி பிடித்த மதிலை விரலால் தடவினார்.

"எத்தனை நாளு நிப்பாங்க இந்த ஆளுங்க?"

"மூணு நாளு, அம்மா. அப்புறம் அது அதுவா வீட்டுக்குப் போயிரும்."

"அப்புறம்?"

"மறுபடியும் கேக்கணும்."

"அப்ப கேளு," என்றார். வெங்காயம் பாதியில் கிடக்கிறது என்று திட்டிக்கொண்டே உள்ளே போனார்.

அதிலிருந்து இன்றுவரை மூன்று நாளைக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். காரியம் முடிந்தது, பையன்கள் விளையாட்டுக்குத் திரும்பினார்கள், சிலர் கல்யாணமாகி விட்டுவிட்டார்கள். எழுதிக் கொடுத்ததை வைத்து யாரையும் என்னால் இழுத்து வர முடியாது. ஆனால் எழுதியிருக்கிறீர்களே என்று கேட்க முடிகிறது. கேட்டால் சிலர் வருகிறார்கள், எல்லாரும் இல்லை. ஒருமுறை ஒன்பது பேர்தான் வந்தார்கள், அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வடக்கிலிருந்து பருந்து மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனது.

போன வாரம் உக்ரேன் அக்காவிடமிருந்து பதிலே இல்லை. முதல் நாள் கேட்டேன், இரண்டாம் நாள் கேட்டேன். அவருடைய சிப்பாய் நேரம் முடிந்து கிளம்பிப் போய்விட்டது. செய்திகளில் அவர் ஊர்ப் பெயர் வருகிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை, கிடைக்காதது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை தொழிற்சாலை பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது ஹேண்ட்போன் அதிர்ந்தது. இரண்டு நாள் கரண்ட் இல்லை, என் ஆள் கிளம்பிவிட்டான், பார், என்று இருந்தது. வரைபடத்தைத் திறந்தேன். தெற்கிலிருந்து பச்சைக் கோடு வந்துகொண்டிருந்தது. இன்னும் ஆறு நிமிடம். பஸ் தொழிற்சாலை கேட்டுக்குள் நுழைந்து எல்லாரும் இறங்கிய பிறகும் நான் இறங்கவில்லை, கோடு இன்னும் வந்து சேரவில்லை.